பொன்னையன் முற்றத்தில் ஒரு கல்லறை

பனவிளை, பாறசாலை
8 செப்டம்பர் 1976

அன்புள்ள தம்பி சத்தியதாசுக்கு,

சுகம் விசாரிப்பதைக் கடிதத்தின் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். முதலில் செங்கல்.

நேற்றுக் காலை ஒரு லாரி வந்து, நம் விளையில், தோட்டத்தின் தெற்கு மூலையில், பொன்னையன் குடிசைக்கு நேர் முன்னால் செங்கல்லைக் கொட்டிவிட்டுப் போனது. அவன் மனைவி விலாசினி முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு விலகுவதற்குள் பாதிச் செங்கல் இறங்கிவிட்டது. யார் சொல்லி வந்தது என்று டிரைவரைக் கேட்டேன். "மஸ்கட்டுச் சாரு சொல்லியாக்கும்" என்றான். நம் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பின்னாலேயே கொத்தனார் வேதமாணிக்கம் வந்தார். அமரவிளையில் ஆதாரப் பத்திரம் எழுதுகிற கருணாகரன் அனுப்பினாராம். நம் ஜெயதாசுக்குக் கல்லறை கட்ட வேண்டும் என்று நீ கருணாகரனுக்கு எழுதியிருக்கிறாயாம். எனக்கு எழுதவில்லை. நான் அவனுக்கும் உனக்கும் மூத்தவள், இந்த விளையில் தினமும் நடக்கிறவளும் நான்தான் என்பதை ஒரு தகவலுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

வேதமாணிக்கத்தோடு நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"டீச்சரே, கேப்டன் சாருக்க நீளம் எவ்வளவு இருக்கும்?"

"என்னத்துக்கு?"

"கல்லறைக்கு நீளம் வைக்கண்டாமா?"

"அவனுக்க ஒடம்பு இஞ்ச இல்லியே ஓய். ஆப்பிரிக்காவுல அடக்கியாச்சே."

"அது ஊருக்கே தெரியும். ஆனா சின்னதா கெட்டினா பிள்ளைக்க கல்லறை எண்ணு சொல்லுவாவ. பெருசா கெட்டினா உள்ள ஆளு உண்டு எண்ணு சொல்லுவாவ. நீங்க ஒண்ணு சொல்லுங்க."

ராணுவத்தில் எஞ்சினியராக இருந்து, ஐக்கிய நாட்டுப் படையோடு காங்கோவுக்குப் பாலம் கட்டப் போய், அங்கேயே செத்து அங்கேயே அடக்கமானவனுக்கு, பதிமூன்று வருஷம் கழித்து, இங்கே, இன்னொருவன் முற்றத்தில் எதற்குக் கல்லறை? அப்பா அம்மாவின் கல்லறைகள் மேற்கே பலா மரத்தடியில் இருக்கின்றன. பக்கத்தில் இடம் தாராளமாகக் கிடக்கிறது. கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். செங்கல்லைத் திருப்பி அனுப்ப எனக்கு வழி தெரியவில்லை. விலாசினி அதைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போகிறாள்.

இங்கே மழை. என் முழங்கால் அப்படியே இருக்கிறது. நீ சுகமா?

அன்புடன்
அக்கா சத்தியபாய்


ரூவி, மஸ்கட்
21 செப்டம்பர் 1976

அக்காவுக்கு சத்தியதாஸ் எழுதுவது.

கருணாகரனுக்கு எழுதிய அன்றே உனக்கும் எழுதினேன். அவருக்கு வந்தது உனக்கு வரவில்லை என்றால் தபால்காரரைக் கேள்.

எதற்குக் கல்லறை என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். ஓணத்துக்கு முன்னால் எங்கள் தொழிலாளர் காம்புக்கு ஒரு புது ஆள் வந்தான். பாறசாலைக்காரன், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு. நான் கேப்டன் ஜெயதாசின் தம்பி என்றேன். "எந்தக் கப்பல்ல கேப்டன்?" என்று கேட்டான். எட்டுப் பேர் படுக்கிற அறை. எல்லாரும் சிரித்தார்கள். அவன் கிண்டலாகக் கேட்கவில்லை, அவனுக்கு உண்மையில் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் ஊரில் சாதாரணமாக வாழ்ந்து செத்தவனுக்கும் அவனவன் விளையில் கல்லறை உண்டு. பண்டிகைக்கு வெள்ளை அடிக்கிறார்கள், மெழுகுவர்த்தி வைக்கிறார்கள். அண்ணனுக்கு என்ன இருக்கிறது? பட்டாளத்திலிருந்து வந்த ஒரு போட்டோ. அதில் நிறையச் சிலுவைகள். எது அண்ணனுடையது என்று பேனாவால் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். மை மங்கிவிட்டது.

அண்ணன் இறந்த சேதி கேட்டு நான் பம்பாயிலிருந்து வந்து இறங்கியபோது நினைவு ஆராதனை முடிந்து ஆலயத்தில் பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காத்திருக்கச் சொல்லி நீ கேட்டிருக்கலாம். மற்றவர்களுக்கு அழுவதற்காவது ஒரு மணி நேரம் கிடைத்தது. எனக்குப் பெஞ்சு தூக்குகிற வேலை கிடைத்தது.

தெற்கு மூலை ஏன் என்றால், அது ரோட்டோரம். போகிறவன் வருகிறவன் பார்க்க வேண்டும். பலா மரத்தடியில் கட்டினால் பலாப்பழம் பறிக்க வருகிறவன்தான் பார்ப்பான். அங்கே காற்றும் உண்டு. மண்ணும் உறுதி.

கொத்தனாரைத் தடுக்காதே. பெர்மிட் சிமெண்டு கிடைத்திருக்கிறது, மழையில் நனைந்தால் கட்டியாகிவிடும்.

சத்தியதாஸ்


பனவிளை
6 அக்டோபர் 1976

அன்புள்ள தம்பி,

தபால்காரன் மோகனன் என்னிடம் இரண்டாம் வகுப்புப் படித்தவன். உன் கடிதம் வரவில்லை என்று தலையில் கை வைத்துச் சொல்கிறான். அதை விடுவோம். ஆராதனைத் தேதியையும் விடுவோம். அது சபை ஆயர் வைத்த தேதி என்று நானும், காத்திருக்கலாம் என்று நீயும் எழுதி எழுதி எத்தனையோ தபால்தலைகள் செலவாகிவிட்டன.

அந்தப் புது ஆளின் கேள்வி எனக்கும் வலித்தது. கல்லறை வேண்டும் என்றால் கட்டலாம். உடம்பு இல்லாவிட்டாலும் பெயருக்கு ஒரு கல் இருக்கட்டும். பலா மரத்தடியில் கட்டு, நானே நின்று கட்டுவிக்கிறேன்.

ஆனால் தெற்கு மூலைக்கு நீ சொன்ன காரணங்கள் கொஞ்சம் அதிகமாக இருந்தன. ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை, குறிப்பிட்ட ஒரு பெஞ்சில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிப்பான். அங்கே காற்று வருகிறது என்பான், போர்டு தெரிகிறது என்பான், சுவரில் சாயலாம் என்பான். காரணம் இரண்டுக்கு மேல் போனதும் நான் எழுந்துபோய்ப் பெஞ்சுக்கு அடியில் பார்ப்பேன். பக்கத்துப் பிள்ளை ஒளித்து வைத்த மாங்காய் அங்கே இருக்கும்.

அப்படித்தான் இங்கேயும் பார்த்தேன். அடுத்தவர் பூமியில் குடிசை கட்டி இருக்கிற குடிகிடப்புக்காரனுக்கு அவன் குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் என்று சட்டம் வந்து வருஷங்கள் ஆகின்றன. பொன்னையன் மனு கொடுத்து, அளக்க ஆள் வரும் நேரம் இது. போன திங்கட்கிழமை கருணாகரன் நாடாவோடு வந்து, குடிசைக்கும் கிணற்றுக்கும் நடுவில் முளையடித்தார். இது என்ன கணக்கு என்று கேட்டேன்.

"டீச்சர் பயப்படண்டாம். கல்லறை உள்ள எடம் சட்டத்துல வராது. நடுவுல கல்லறை நிண்ணா பத்து சென்ட்ட அவன் எங்க போயி அளப்பான்? தோட்டுப் பக்கம் வேற எடம் காட்டிக் குடுத்திரலாம்."

"அது வெள்ளம் கெடக்கிற எடம் இல்லியா?"

"வெள்ளம் எப்பவுமா கெடக்கு? மழைக்குத்தானே."

சட்டத்தில் கல்லறையைப் பற்றி வருகிறது, உண்மைதான். சபைக்கு ஏக்கர் கணக்கில் கல்லறைத் தோட்டம் இருந்தால் அதை உச்சவரம்புக்கு மேற்பட்ட மிச்சபூமி என்று எடுக்கமாட்டார்கள். கருணாகரன் அந்த வரியைக் கிழித்துக் கொண்டுவந்து ஒரு குடிசை வாசலில் ஒட்டுகிறார். ஆனால் அளக்க வருகிறவர் நல்ல மனிதராக இருந்தால், செத்தவர் மேல் நாடா போடத் தயங்குவார். பொன்னையன் குடும்பம், மழையில் வாய்க்கால் வெள்ளம் ஏறுகிற தோட்டுக்கரைக்குப் போகும். அப்பா காலத்தில் அவன் தகப்பன் கட்டிய குடிசை இது. கிணறும் அவர்கள் தோண்டியது.

விலாசினி முளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கருணாகரன் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"டீச்சரே, ஒங்க தம்பி எறந்த சேதி வந்தப்போ நான் அடுப்பு பத்த வைக்கல்ல. இப்ப அவருக்க பேரச் சொல்லி எனக்க அடுப்பயே எடுக்குதியளா?"

இந்தக் கேள்விக்கு உனக்குப் பதில் தெரிந்தால் எழுது. நான் அவளிடம் சொல்கிறேன்.

அக்கா


ரூவி
20 அக்டோபர் 1976

அக்காவுக்கு,

சரி. பெஞ்சுக்கு அடியில் பார்த்துவிட்டாய். இனி நானும் நேராகவே பேசுகிறேன்.

அண்ணனுக்குக் கல்லறையும் வேண்டும், ரோட்டோர இடமும் வேண்டும். இரண்டும் எனக்குக் கேவலமாகப் படவில்லை. பொன்னையனைத் தெருவில் விடவில்லை. வேறு பத்து சென்ட் கொடுக்கிறேன். தோட்டுக்கரையில் நான் மண் அடித்து உயர்த்திக் கொடுக்கிறேன் என்று கூடச் சொல். ஆனால் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது அந்த ஒரு மூலைதான். அதையும் கொடுத்துவிட்டால் நான் திரும்பி வந்து எங்கே வீடு வைப்பேன், எங்கே ஒரு கடை போடுவேன்? வயதான காலத்தில் உன் ஓட்டு வீட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கித் தருவாயா?

இங்கே மத்தியானம் கம்பியைத் தொட்டால் கை பொள்ளுகிறது. குடிக்கிற தண்ணீரும் சூடு. ஊரில் எல்லாரும் என்னை மஸ்கட்டுச் சார் என்கிறார்கள். இங்கே எனக்கு ஒரு நம்பர்தான். ஊரில் இருந்து மனு கொடுக்கத் தெரிந்தவனுக்குப் பூமி கிடைக்கிறது. ஊரை விட்டு வெயிலில் நிற்கிறவனுக்கு உன் உதாரணம் கிடைக்கிறது.

விலாசினி அடுப்பு பற்ற வைக்காததை எழுதியிருக்கிறாய். அது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. அதற்காக ரோட்டோரத்தை எழுதிக் கொடுக்க முடியுமா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். அண்ணன் உயிரோடு இருந்தால் இதை விட்டிருப்பாரா? பட்டாளத்துக்காரர். ஒரு அடி மண்ணை விடாமல் நிற்கப் பழகியவர். அவர் சொத்தை அவர் பெயரே காக்கட்டும் என்கிறேன். இதில் அவருக்கு என்ன மானக்கேடு?

சத்தியதாஸ்


பனவிளை
7 நவம்பர் 1976

அன்புள்ள தம்பி,

ஜெயதாஸ் இருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. செத்தவர்களை யார் சாட்சிக்குக் கூப்பிட்டாலும், அவர்கள் கூப்பிட்டவர் பக்கமே சாட்சி சொல்கிறார்கள். இதை நான் பல வீடுகளில் கவனித்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அவன் எதையும் அளக்காமல் விடமாட்டான், அளந்த பிறகு சும்மாவும் விடமாட்டான். கடைசி லீவில் வந்தபோது அடுக்களை ஓடைக்குச் சாய்வு போதாது என்று வெட்டித் திருப்பினான். புதுச் சாய்வு சரியாகத்தான் இருந்தது. தண்ணீர் நேராகப் பக்கத்து வீட்டுக் கார்த்தியாயினியின் கிணற்றடிக்குப் போயிற்று. இன்றுவரை அவள் என்னோடு ஒரு முழு வாக்கியம் பேசுவதில்லை.

காலேஜில் படிக்கிற காலத்தில் தோட்டின் குறுக்கே கமுகுத் தடியால் பாலம் கட்டினான். தாங்குகிறதா என்று பார்க்கப் பொன்னையனை நடுவில் நிறுத்தி, குதிலே என்றான். பாலம் தாங்கவில்லை. பொன்னையனின் இடது கை ஒடிந்து கோணலாகவே கூடிற்று. மழைக்காலத்தில் கை கடுக்கும்போதெல்லாம், "கேப்டன் சாருக்க பாலம் எனக்க கையிலயாக்கும் இருக்கு" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான், ஆனால் சொல்லாமல் விடமாட்டான்.

காங்கோவில் கட்டிய பாலங்கள் தாங்கின என்று அவனுடைய மேலதிகாரி எழுதினார். கண்ணிவெடி இருந்தது பாலத்தில் இல்லை, பாலத்துக்குப் போகிற வழியில். லாரிகளை நிறுத்திவிட்டு முன்னால் நடந்து பார்த்தவன் அவன்தான். இங்கே பொன்னையனை நிறுத்திப் பார்த்தவன், அங்கே தானே நடந்து பார்த்திருக்கிறான். இதிலிருந்து நீ எந்தத் தீர்ப்பை வேண்டுமானாலும் எடுக்கலாம். அதனால்தான் நான் ஒன்றும் எடுக்கவில்லை.

இப்போது நடப்புக்கு வருகிறேன். திருப்புறத்தில் நம் சித்தி மகள் சுகிர்தபாயின் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் ஒரு வாரம் தங்கினேன். அதைக் கருணாகரன் எப்படி அறிந்தார் என்பதை நீயே யூகித்துக்கொள், ஏனென்றால் உனக்குத்தான் அதை முன்பே தனியாக எழுதியிருந்தேன். திரும்பி வந்தால் கல்லறை நிற்கிறது. பெரிதாகவே கட்டியிருக்கிறார் வேதமாணிக்கம். வெள்ளை அடித்து, தலைமாட்டில் கல் நட்டு, "கேப்டன் ஜெயதாஸ்" என்று வெட்டியிருக்கிறார். எழுத்து நன்றாக இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும். அதன் காலடியிலிருந்து விலாசினியின் வாசற்படிக்கு ஒரு எட்டுத்தான்.

ஜெபித்துக் கொடுக்க ஆயரைக் கூப்பிட்டாராம் கருணாகரன். ஆயர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "அடக்க ஆராதனை நடத்தணும்னா ஆளு வேணும். வீடு பிரதிஷ்டை நடத்தணும்னா வீடு வேணும். நான் இதுல எதுக்கு வந்தேன்?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டார்.

அளக்கிற அதிகாரி இருபத்து நான்காம் தேதி வருகிறார். யார் இதில் அடக்கம் என்று என்னைக் கேட்பார். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் வராத பிள்ளைக்கு வந்தான் என்று ஹாஜர் போட்டதில்லை. தாய்மார் முட்டையோடு வந்து கேட்டிருக்கிறார்கள், மேலிடத்திலிருந்து சொல்லியனுப்பியிருக்கிறார்கள், பரிதாபமான காரணங்களும் இருந்திருக்கின்றன. போட்டதில்லை. ஜெயதாஸ் இங்கே வரவில்லை. கேட்டால் அதைத்தான் சொல்வேன். முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதுகிறேன்.

அக்கா


ரூவி
16 நவம்பர் 1976

அக்காவுக்கு,

இதை ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன், தபால் தாமதம் ஆகும்.

உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், நீ யார் என்று எனக்குத் தெரியும். நீ ஒன்றும் பேசாமல் இருந்தால் போதும். முழங்கால் வலி என்று உள்ளே படுத்துக்கொள். வலி உண்மைதானே. கருணாகரன் பேசிக்கொள்வார்.

அண்ணன் போனபின் எனக்கு இருப்பது நீ ஒருத்தி. என் முதுகிலும் வெயில் அடிக்கிறது என்று ஒரு தடவையாவது நினைத்துப் பார். பொன்னையனுக்காகப் பேச ஊரில் கட்சி இருக்கிறது, கொடி இருக்கிறது. எனக்காகப் பேச வேண்டாம், எனக்கு எதிராகப் பேசாமல் இரு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

சத்தியதாஸ்


பனவிளை
28 நவம்பர் 1976

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் இருபத்து மூன்றாம் தேதி கிடைத்தது. நிதானமாகப் படித்தேன். உள்ளே படுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கவும் செய்தேன், மறைக்கவில்லை. மறுநாள் காலை நாற்காலியைக் கூட முன்வாசலிலிருந்து உள்ளே இழுத்துப் போட்டேன்.

அதிகாரி இளைஞர், கோட்டயம் பக்கத்துக்காரர். தமிழ் புரியும், பேச்சு மலையாளம்தான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலி தாண்டி முற்றத்தில் கால் வைத்தவர் கல்லறையைப் பார்த்ததும் நின்றார்.

"இது ஆருடெயா?"

"கேப்டன் ஜெயதாஸ் சாரே. பட்டாளத்துல எஞ்சினியர். வெளிநாட்டுல சண்டையில மரிச்ச ஆளு" என்றார் கருணாகரன்.

அந்தப் பையன் குனிந்து செருப்பைக் கழற்றினான். கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு உதவியாளரிடம், இதை விட்டுவிட்டு அளக்க வேண்டும், அப்படியானால் குடிசைக்கு முற்றமும் கிணறும் இல்லாமல் போகும், வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்றான். விலாசினி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் வெளியே போனேன். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதமாட்டேன், அது வேறு காரியம். அந்தச் செருப்பைப் பார்த்த பிறகு உள்ளே இருக்க முடியவில்லை. நம் ஜெயதாசுக்கு முன்பின் தெரியாத ஒருவன் கொடுத்த மரியாதை அது. அதை வாங்கி ஒரு குடிசையைக் காலி பண்ண உபயோகிக்கலாகாது.

பக்கத்தில் நின்றவர்கள் என்னை அக்கா என்று சொல்ல, "டீச்சரே, சகோதரன் இவிடெத் தன்னெயாணோ?" என்று கல்லறையைக் காட்டிக் கேட்டான்.

"இல்ல. அவன் ஆப்பிரிக்காவுல இருக்கான். இதுக்குள்ள மண்ணும் செங்கல் துண்டும் உண்டு. ஆளு இல்ல."

கருணாகரன் முன்னால் வந்து, "டீச்சருக்கு வயசாச்சு சாரே, ஓர்மை கொறவு" என்றார்.

"எனக்க தம்பி செத்த எடம் எனக்கு ஓர்மை உண்டு கருணாகரா. ஒனக்கு மூணாம் வாய்ப்பாடு கடைசி வர வராததும் ஓர்மை உண்டு."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பொன்னையனும் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நாடாவைப் பிடித்தான். ஆளில்லாவிட்டால் அது கல்லறை ஆகாது, வெறும் திண்டு என்றான். நாடா குடிசையைச் சுற்றி, கிணற்றைச் சுற்றி, திண்டுக்கும் அந்தப் பக்கமாகப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே நிலவரம் இது. பத்து சென்ட் பொன்னையனுக்கு. அதற்குள் நீ கட்டிய கல்லறையும் அவனுக்கு. முற்றத்தின் ஓரத்தில் கட்டியிருந்தால் கூட அது நமக்கு மிஞ்சியிருக்கும். அவனைத் தடுக்க நட்டநடுவில் கட்டினீர்கள், அதனால் அவனோடேயே போய்விட்டது.

கோபமாக இருப்பாய். எழுது. கோபமாகவே எழுது.

அக்கா


பனவிளை
4 ஜனவரி 1977

அன்புள்ள தம்பி,

நீ எழுதவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்தும் வரவில்லை. கருணாகரனுக்கு வந்ததாகக் கேள்விப்பட்டேன். நல்லது, அவருக்கும் யாராவது வாழ்த்துச் சொல்ல வேண்டும்.

வேறு யாரும் எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். கல்லறையை அப்படியே பெயர்த்துப் பலா மரத்தடிக்குக் கொண்டுபோக முடியுமா என்று வேதமாணிக்கத்தைக் கேட்டேன். "டீச்சரே, நான் கெட்டினது பெயர்ந்து வராது. ஒடைஞ்சுதான் வரும்" என்று பெருமையாகச் சொன்னார். தலைக்கல்லை மட்டுமாவது எடுக்கலாமா என்று பொன்னையனைக் கேட்டேன். "அவருக்க பேரு வெட்டின கல்லுல நான் கம்பிப்பாரை வைக்கமாட்டேன். வேற ஆளு வைக்கவும் சம்மதிக்கமாட்டேன். இது எனக்க பூமி" என்றான். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவனுக்கே ஒரு ஆச்சரியம். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. இப்போது மரச்சீனி பிடுங்குகிற காலம். அந்த மரவள்ளிக் கிழங்கை அரிந்து, அவித்து, உணக்கிக் காயவைக்க, மண் ஒட்டாத, வழவழப்பான, வெயில் விழுகிற இடம் விலாசினிக்கு இதுவரை இருந்ததில்லை. நீ கட்டிக் கொடுத்திருக்கிறாய். முழுத் திண்டும் மரச்சீனி. காக்காய் விரட்டத் தலைக்கல்லில் ஒரு கறுப்புத் துணி கட்டியிருக்கிறாள். பஸ்ஸில் போகிறவர்கள் துக்கம் என்று நினைத்துத் தலை குனிகிறார்கள்.

அவளிடம் சொன்னேன், அது ஒரு மனிதன் பெயர் எழுதிய இடம் பிள்ளே என்று. "இருக்கட்டு டீச்சரே. உள்ள ஆளில்ல எண்ணு நீங்கதானே ஆபீசர்ட்ட சொன்னிய?" என்றாள். நான் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரு வரியாவது எழுது. திட்டி எழுதினாலும் கையெழுத்தைப் பார்த்துக்கொள்வேன்.

அக்கா


ரூவி
15 ஜனவரி 1977

அக்காவுக்கு,

டிசம்பர் முழுவதும் உனக்கு நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். நான்கிலும் என்ன எழுதியிருந்தேன் என்று நீ யூகிக்கலாம், அதனால் திரும்ப எழுதவில்லை.

அந்த அதிகாரி செருப்பைக் கழற்றினான் என்று எழுதியிருந்தாயே. அந்த இடத்தை மட்டும் நம் பாறசாலைக்காரனுக்கு வாசித்துக் காட்டினேன். மறுபடியும் கேள்வி கேட்டான். என்ன பாலம், எந்த நாடு, வெடி எப்படி வெடித்தது என்று. எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உன் பழைய கடிதத்தை எடுத்து, பொன்னையனைக் குதிக்கச் சொன்னதையும் வாசித்தேன். சிரித்தான். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவுதான், இதை வைத்து உதாரணம் ஒன்றும் உண்டாக்காதே.

எனக்குப் பிப்ரவரியில் லீவு. அண்ணன் இறந்த நாள் பதினொன்றாம் தேதி. அன்று ஊரில் இருப்பேன்.

கல் என் செலவு. சிமெண்டு என் செலவு. பெயர் என் அண்ணன் பெயர். ஆனால் அதற்கு முன்னால் நிற்க வேண்டும் என்றால் நான் இன்னொருவன் வேலிக்குள் போக வேண்டும். இதை நினைத்தால் இந்த ஜனவரிக் குளிரிலும் எனக்கு உடம்பு எரிகிறது. கருணாகரனிடம் சொல், நான் வரும்போது அவர் அமரவிளையில் இருக்க வேண்டாம் என்று.

நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். பதினொன்றாம் தேதி காலை நான் அங்கே கொஞ்ச நேரம் வந்து நிற்கலாமா என்று பொன்னையண்ணனிடம் கேள். நானே நேரில் கேட்கலாம். வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னால் எனக்குத் தாங்காது. நீ கேட்டு எழுது. அதற்குப் பிறகுதான் டிக்கெட் எடுப்பேன்.

சத்தியதாஸ்


பனவிளை
27 ஜனவரி 1977

அன்புள்ள தம்பி,

கேட்டேன். இரண்டு வரியில் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் இந்த விளையில் எதுவும் இரண்டு வரியில் முடிவதில்லை.

பொன்னையன் தலையைச் சொறிந்தான். "எனக்கக் கிட்ட கேட்டிட்டா வாறாரு?" என்றான். ஆமாம் என்றேன். "சத்தியதாசு கேட்டாரா, நீங்க சேத்துச் சொல்லுதியளா?" உன் கடிதத்தில் அந்த வரியை மட்டும் மடித்துக் காட்டினேன். அவன் எழுத்துக் கூட்டி வாசிப்பான், தெரியுமே. நேரம் எடுத்தான். பொன்னையண்ணன் என்ற இடத்தில் நின்று, பிறகு முடித்தான்.

"வரட்டும். ஆனா கேட்டு வாசல் வழியா வரட்டும். பழைய ஓர்மையில வேலி சாடி வரண்டாம், இப்பதான் கெட்டினேன்."

எனக்கு நிம்மதி வந்தது. எழுந்தேன். அப்போதுதான் விலாசினி அடுக்களையிலிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"பதினொண்ணாம் தேதியா? அது மரச்சீனி உணங்குத நேரம்."

"ஒரு மணி நேரம்தான் பிள்ளே" என்றேன்.

"ஒரு மணி நேரத்துக்கு எல்லாத்தையும் வாரி, பெறவு பரத்த எனக்கு எத்தன கை?"

"எனக்க ஒரு கை கோணலாக்கும். என்னையப் பாக்காத" என்றான் பொன்னையன்.

அரை மணி நேரம் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டார்கள். அவர்கள் முற்றம், அவர்கள் சண்டை. நான் நடுவில் நின்றேன். கடைசியில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணைக்கு ஒரு நாளு எடுத்து மாத்துவேன். கழுவியும் விடுவேன். எனக்கும் அந்த ஆளத் தெரியும். ஆனா அந்த ஒரு நாளுதான். பிளேன் பிந்தீட்டு, லீவு கிட்டல்ல எண்ணு சொல்லி மறுநாளு வந்தா, மரச்சீனிக்க நடுவுல நிண்ணு ஜெபம் பண்ணட்டும்."

டிக்கெட்டைப் பார்த்து எடு.

அக்கா